டிராகன்கள் கேட்ட பங்கு

அழிந்துபோயின என்று மனிதர்கள் எண்ணியிருந்த டிராகன்கள் மீண்டும் அவர்களுடைய வானில் தோன்றுவது, இருபதாம் நூற்றாண்டு முடிந்து அடுத்தது தொடங்கிய சில ஆண்டுகளில் ஆங்கில மிகுபுனைவு நாவல்களில் அடுத்தடுத்து இடம்பெற்ற கதைமுடிச்சாகும். மந்திரமும் தொன்மவிலங்குகளும் இயல்பாக உலவும் தனி உலகம் ஒன்றை நிலம், வரலாறு, மொழி, சடங்கு ஆகியவற்றோடு முழுமையாகக் கட்டியெழுப்பும் புனைகதை வகையே இங்கு மிகுபுனைவு எனப்படுகிறது. 1996இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலில், கல்லாகிவிட்டதாகக் கருதப்பட்ட மூன்று முட்டைகள் ஒரு சிதையின் நெருப்பில் உயிர்பெறுகின்றன. 1998 முதல் 2000 வரை மூன்று பாகங்களாக வெளிவந்த ராபின் ஹாப்பின் ‘லிவ்ஷிப் டிரேடர்ஸ்’ நாவல்வரிசையில், பேசும் கப்பல்களைக் கட்டப் பயன்பட்ட விலைமதிப்பற்ற மரக்கட்டைகள் உண்மையில் பிறக்காத டிராகன்கள் உறங்கிய கூடுகள் என்பது தெரியவருகிறது. 2001இல் உர்சுலா கே. லெ குவின் வெளியிட்ட ‘தி அதர் விண்ட்’ நாவலில் டிராகன்கள் மேற்கிலிருந்து பறந்துவந்து மனிதத் தீவுகளுக்குத் தீவைக்கின்றன.

திரும்பி வருவது ஒன்றே ஆயினும் அதன் பொருள் மூன்றிடத்தும் வேறு. மார்ட்டினிடத்தில் டிராகன் முதன்மையாக ஓர் ஆயுதம். அதைக் கையில் வைத்திருப்பவர் ஆட்சியைக் கைப்பற்றலாம், ஆனால் அது யாரைச் சுடும் என்பதைத் தீர்மானிக்க முடியாது என்பதே அவருடைய கவலை. வரிசையின் ஐந்தாம் நாவலில், தன் குழந்தையின் கருகிய எலும்புகளை அரசியின் அவைக்குச் சுமந்து வரும் ஏழைத் தகப்பனின் காட்சி அந்தக் கவலையை எந்தப் போர்க்காட்சியையும்விட வலுவாகச் சொல்கிறது. ஹாப்பிடத்தில் டிராகன் ஒரு குற்றத்தின் சாட்சி. ஒரு நகரத்தின் வணிகச் செல்வம் முழுவதும் பிறவாத உயிர்களின் சாவில் விளைந்தது என்பதை அந்நகரத்தார் ஏற்க வேண்டியிருக்கிறது. லெ குவினிடத்திலோ டிராகன் ஒரு வழக்காளி. நெடுங்காலத்துக்கு முன் நடந்த பாகப்பிரிவினையில் தன் பங்கு ஏமாற்றிப் பறிக்கப்பட்டது என்ற முறையீட்டோடு அது மனிதர்களின் அரசவைக்கே வந்து நிற்கிறது. மூன்றினுள் மிக ஆழமான கற்பனை இதுவே என்பதும், டிராகன் பற்றிய மேலை மரபு முழுவதையும் இது தலைகீழாக்குகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

டிராகன் என்ற சொல் தமிழில் இன்று ஒலிபெயர்ப்பாகவே வழங்குகிறது. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில், வெளிப்படுத்தின விசேஷம் காட்டும் ஏழுதலைச் சிவந்த விலங்கு ‘வலுசர்ப்பம்’ என்று பெயர்பெற்றது. பாம்பின் இனத்தோடு அதைச் சேர்த்த அந்தச் சொல்லாக்கம் மூலப்பொருளுக்கு நெருக்கமானதே. டிராகன் என்னும் சொல்லின் கிரேக்க மூலமும் பெரும்பாம்பைக் குறித்தது. ஆயினும் சாத்தானின் உருவாக வரும் வலுசர்ப்பத்தைக் கொண்டு லெ குவினின் டிராகனை அளக்க முடியாது என்பதால் ஒலிபெயர்ப்புச் சொல்லே இங்குக் கையாளப்படுகிறது.

மேலை மரபின் டிராகன் புதையல் காப்பது. புதையலைப் பாம்பு காக்கும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டுக் கதைகளிலும் உண்டு. ஆனால் வட ஐரோப்பிய மரபில் அது ஓர் ஒழுக்கக் கோட்பாடாகவே வளர்ந்தது. ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஒரே கையெழுத்துப் படியில் எஞ்சியிருக்கும் பழைய ஆங்கிலக் காப்பியமான ‘பேவுல்ஃப்’ நூலில், மண்மேட்டுக்குள் பொன்னைக் காத்துக் கிடக்கும் டிராகன், ஒருவன் ஒரு கிண்ணத்தைத் திருடியதால் விழித்தெழுந்து ஊரை எரிக்கிறது. முதிய அரசன் அதைக் கொன்று தானும் மடிகிறான். வடபுலத்து வோல்சுங் கதையில் வரும் ஃபாஃப்னிர், பொன்னாசையால் தந்தையைக் கொன்று, அந்தப் பொன்னின்மீது படுத்துக் கிடந்து டிராகனாகவே மாறிவிட்டவன். பேவுல்ஃப் பற்றி 1936இல் புகழ்பெற்ற சொற்பொழிவை நிகழ்த்திய ஜே. ஆர். ஆர். டோல்கின், அடுத்த ஆண்டு வெளியிட்ட ‘தி ஹாபிட்’ நாவலில் அதே கிண்ணத் திருட்டையும் அதே சினத்தையும் ஸ்மாக் என்னும் டிராகனுக்கு வழங்கினார். இந்த மரபில் உடைமைவெறி என்பது டிராகனின் குணம். அதைக் கொல்பவன் அந்த வெறியிலிருந்து உலகை மீட்கும் வீரன்.

லெ குவினும் இந்த மரபுக்குள்ளிருந்தே தொடங்கினார். அவர் படைத்த எர்த்ஸீ, பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளின் உலகம். அதன் நடுவில் ஹாவ்னர் என்னும் அரசநகரத் தீவும், மந்திரக் கல்விக்கூடம் அமைந்த ரோக் தீவும் உள்ளன. கிழக்கே கார்காட் நாடுகள். மேற்கின் கடைக்கோடியில் டிராகன்கள் திரியும் தீவுகள். அங்கு மந்திரம் என்பது ஆதிமொழியை அறிதல். பொருள்களும் உயிர்களும் அம்மொழியில் பெற்றுள்ள மெய்ப்பெயரை அறிந்தவன் அவற்றைக் கட்டுப்படுத்துவான். மனிதருக்கு இந்த மொழி ஆண்டுக்கணக்கில் பயின்று பெறும் வித்தை, டிராகன்களுக்கோ அதுவே தாய்மொழி. மனிதன் ஆதிமொழியில் பொய் சொல்ல முடியாது, டிராகனால் முடியும். 1968இல் வந்த முதல் நாவலான ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’யில் இளம் மந்திரவாதி கெட், பெண்டோர் தீவின் முதிய டிராகனான யெவாடின் மெய்ப்பெயரைத் தன் நூலறிவால் ஊகித்துச் சொல்லி, அதுவோ அதன் பிள்ளைகளோ இனிக் கிழக்கே மனிதத் தீவுகளுக்கு வருவதில்லை என்று ஆணையிடச் செய்கிறான். தன்னைத் துரத்தும் நிழலின் பெயரைச் சொல்வதாக டிராகன் பேரம் பேசும்போது, தன் உயிர்க்கே தேவையான அந்த அறிவை விட்டுவிட்டு ஊராரின் பாதுகாப்பை அவன் தேர்ந்துகொள்கிறான். வாளால் கொல்லும் வீரனின் இடத்தில் எல்லையை ஒப்பந்தத்தால் வரையும் வீரனை வைத்ததே அப்போது பெரிய புதுமை. ஆனால் அந்த எல்லை யாருக்கு நியாயமானது என்ற கேள்வியை அந்த நாவல் எழுப்பவில்லை. அதைக் கேட்க அவருக்கு முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

இடையில் 1971இலும் 1972இலும் அடுத்த இரு நாவல்கள் வெளிவந்தன. மூன்றாவதான ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’ நாவலில், சாகாமல் இருக்க விரும்பிய காப் என்னும் மந்திரவாதி உயிருக்கும் சாவுக்கும் இடையிலான கதவைத் திறந்துவிட, உலகின் வலிமை அதன்வழி ஒழுகி, டிராகன்களே பேச்சிழந்து விலங்குகளாகின்றன. இந்த நாவலில் இறந்தோரின் இடம் விரிவாகச் சித்திரிக்கப்படுகிறது. உயரமில்லாத ஒரு கல்சுவர். அதற்கப்பால் சரிந்திறங்கும் வறண்ட நிலம். அங்கே காற்றில்லை, நகராத விண்மீன்கள். அன்பு கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டும் காணாமல் தெருக்களில் கடந்து செல்கிறார்கள். அப்போது அதை மரணத்தின் இயல்பான நிலை என்றே வாசகர்கள் ஏற்றுக்கொண்டனர். இப்படி ஒரு மரணம் ஏன் வாய்த்தது என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு அந்தச் சித்திரிப்பு உறுதியாக இருந்தது.

இந்த உறுதி குலையத் தொடங்கியது 1990இல் வந்த ‘தெஹானு’ நாவலில். இங்கு மையத்தில் இருப்பவர்கள் மந்திரம் இழந்து முதுமையை நெருங்கும் கெட், கைம்பெண்ணாகப் பண்ணை நடத்தும் டெனார், சொந்த உறவினரால் நெருப்பில் தள்ளப்பட்டு முகமும் கையும் கருகிய ஒரு சிறுமி. டிராகன்களும் மனிதர்களும் ஆதியில் ஒரே இனமாக இருந்து பின்னர் பிரிந்தவர்கள் என்ற கதை ஒரு கிழவியின் வாய்வழியாக நாவலுக்குள் நுழைகிறது. ரோக்கின் கல்விக்கூடத்து நூல்களில் இல்லாத அந்தச் செய்தி ஊர்ப்புறத்துப் பெண்ணொருத்தியின் பாட்டில் பிழைத்திருந்தது என்பது தற்செயலானதன்று.

அதே கதையைச் சொல்லும் ஒரு பொருளும் இந்நாவலில் வருகிறது. கான்ட் தீவின் மலையூரில் வாழும் முதிய நெசவாளி ஒருவர், வண்ண ஓவியம் தீட்டிய பழைய விசிறி ஒன்றைப் போற்றிக் காத்து வருகிறார். ஊரார் அவரை அழைப்பதே அந்த விசிறியின் பெயரால்தான். அதன் ஒரு பக்கத்தில் ஹாவ்னர் நகரத்தின் கோபுரங்களும் அழகிய ஆடவர் பெண்டிரும் மெல்லிய நிறங்களில் தீட்டப்பட்டிருக்கின்றனர். மறுபக்கத்தைத் திருப்பினால் டிராகன்கள். அவர் அதை டெனாரிடம் காட்டி, ஒளிக்கு எதிரே தூக்கிப் பிடிக்கும்போது இருபக்க ஓவியங்களும் ஒன்றன்வழி ஒன்று தெரிகின்றன. மனிதர்களுக்குச் சிறகு முளைக்கிறது, டிராகன்கள் மனிதக் கண்களால் நோக்குகின்றன. விசிறியைத் தாழ்த்தியதும் மீண்டும் இரண்டும் வேறு வேறு பக்கங்கள். எர்த்ஸீயின் ஆறு நூல்களிலும் இதற்கு இணையான ஒரு படிமம் இல்லை. ஒரே பட்டில் தீட்டப்பட்ட இரு இனங்கள், ஒன்றையொன்று காணாதபடி முதுகோடு முதுகாக ஒட்டியிருக்கின்றன என்பதை விளக்கவுரை எதுவுமின்றி ஒரு வீட்டுப்பொருள் உணர்த்திவிடுகிறது. நாவலின் முடிவில் கருகிய சிறுமி ஆதிமொழியில் அழைக்க, மூத்த டிராகனான கலெஸ்ஸின் வந்து அவளைத் தன் மகள் என்கிறது; அவளுடைய மெய்ப்பெயர் தெஹானு.

‘தி அதர் விண்ட்’ நாவலின் தொடக்கத்தில் டிராகன் இல்லை. ஆல்டர் என்னும் எளிய மந்திரக்காரன், உடைந்த பானைகளையும் முறிந்த கருவிகளையும் ஒட்டுத் தெரியாமல் ஒன்றுசேர்க்கும் சிறுகலை மட்டுமே அறிந்தவன், முதிய கெட்டைத் தேடி வருகிறான். இறந்துபோன அவனுடைய மனைவி லில்லி கனவில் அந்தக் கல்சுவருக்கு அப்பால் நின்று, கைநீட்டி அவனைத் தொட்டு முத்தமிட்டிருக்கிறாள். நடக்கவே முடியாதது அது. அதன்பின் ஒவ்வோர் இரவும் இறந்தோர் கூட்டம் கூட்டமாகச் சுவரோரம் திரண்டு, தங்களை விடுவிக்கும்படி அவனிடம் மன்றாடுகின்றனர். ஏதேனும் உயிருள்ள ஒன்றைத் தொட்டபடி உறங்கினால் கனவு வருவதில்லை என்பதால் அவன் ஒரு பூனைக்குட்டியோடு அரசநகருக்குப் பயணப்படுகிறான். அங்கே வேறொரு கவலை காத்திருக்கிறது. மேற்குத் தீவுகளில் மட்டும் காடுகளையும் வயல்களையும் எரித்துவந்த டிராகன்கள் இப்போது ஹாவ்னர் தீவுக்கே வந்துவிட்டன. இறந்தோரின் மன்றாட்டும் டிராகன்களின் சினமும் ஒரே காரணத்திலிருந்து எழுந்தவை என்பதைப் பல்வேறு மக்களின் அரைகுறை நினைவுகளை ஒன்றுசேர்த்துக் கண்டுபிடிப்பதே நாவலின் நடுப்பகுதி.

அந்தக் காரணம் இது. டிராகனும் மனிதனும் ஓரினமாக இருந்த காலத்தில் சிலர் பொருள் ஈட்டவும் வீடு கட்டவும் கைவினை செய்யவும் விரும்பினர். சிலர் எதையும் உடைமையாக்காமல் விருப்பம்போல் திரிய விரும்பினர். எனவே இரு தரப்பும் உடன்பட்டுப் பிரிந்தன. நிலமும் நீரும் கிழக்கும் மனிதர்க்கு. நெருப்பும் காற்றும் மேற்கும் டிராகன்களுக்கு. மனிதர்கள் ஆதிமொழியைக் கைவிட வேண்டும், டிராகன்கள் உடைமையைக் கைவிட வேண்டும். கார்காட் மக்கள் இந்த உடன்பாட்டைக் காத்தனர்; அவர்களிடம் மந்திரம் இல்லை, ஆனால் அவர்கள் இறந்தபின் உலகின் உயிர்களோடு கலந்து மீண்டும் பிறக்கின்றனர். தீவுக்கூட்டத்து மந்திரவாதிகள் உடன்பாட்டை மீறினர். ஆதிமொழியை விடாமல் வைத்துக்கொண்டனர்; அதன் வலிமையால் மேற்கிற்கும் மேற்கே டிராகன்கள் மட்டுமே பறந்து திரிந்த வெளியில் ஒரு பகுதியை வளைத்துச் சுவரெழுப்பி, தம் உயிர்கள் அழியாமல் வாழும் இடம் என்று அறிவித்தனர். சுவர் எழுந்ததும் அங்குக் காற்று நின்றது, நீர் வற்றியது, விண்மீன்கள் அசைவற்றுப் போயின. முன் நாவல்களில் மரணத்தின் இயல்பு என்று தோன்றிய வறண்ட நிலம், உண்மையில் அபகரித்து வேலியடைத்து வீணாக்கிய அடுத்தவர் நிலம்.

மேலை மரபு தலைகீழாவது இங்கேதான். பொன்னைச் சுற்றி வளைந்து படுத்து, தானும் துய்க்காமல் பிறருக்கும் தராமல் கிடந்த ஃபாஃப்னிரின் இடத்தில் இப்போது மனித மந்திரவாதிகள் இருக்கின்றனர். அவர்கள் காத்துக் கிடக்கும் புதையல் பொன்னன்று, சாகாமை. அதற்காக அவர்கள் கொடுத்த விலை தங்களுடைய உண்மையான சாவும், அதன்வழி வரும் மறுபிறப்பும். தாமே எழுதிய முந்தைய நூல்களின் அடிப்படையையே இப்படித் திருத்தி வாசிக்கத் துணிந்த நாவலாசிரியர்கள் மிகக் குறைவு. பழைய நூல்களில் ஒரு வரியைக்கூட மாற்றாமல், அவற்றில் சொல்லப்பட்டதெல்லாம் வெற்றி பெற்ற தரப்பின் ஆவணங்களில் இருந்தது மட்டுமே என்று காட்டியது லெ குவினின் அறிவுநேர்மைக்குச் சான்று.

இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாதெனினும், அவர் பிறந்த குடும்பத்தைக் கருதாமல் இருப்பதற்கில்லை. லெ குவின் 1929இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தார். அவருடைய தந்தை ஆல்ஃபிரட் குரோபர், அம்மாநிலத்துப் பழங்குடிகளை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த மானிடவியலாளர். பழங்குடிகள் இழந்த நிலங்களுக்கு இழப்பீடு கோருவதற்கென 1946இல் அமெரிக்க அரசு நிறுவிய ஆணையத்தின் முன், 1950களில் கலிஃபோர்னியப் பழங்குடிகளின் தரப்பில் அவர் வல்லுநராகச் சாட்சியம் அளித்தார். தாய் தியோடரா குரோபர் 1961இல் வெளியிட்ட நூல், தன் இனமான யாஹி மக்கள் கொன்றொழிக்கப்பட்டபின் 1911இல் ஓரோவில் ஊரில் தனியனாக வெளிப்பட்ட ஒரு மனிதரைப் பற்றியது. தன் பெயரைத் தானே பிறரிடம் சொல்லலாகாது என்ற தம் மரபை அவர் இறுதிவரை காத்ததால், அவருடைய மொழியில் ‘மனிதன்’ என்று பொருள்படும் ‘இஷி’ என்ற சொல்லையே ஆல்ஃபிரட் குரோபர் அவருக்குப் பெயராக வைத்தார். 1916இல் காசநோயால் இறக்கும்வரை அவருடைய மெய்ப்பெயரை எவரும் அறியவில்லை. மெய்ப்பெயரை மறைத்து வாழும் மக்களையும், நிலம் வளைக்கப்பட்டவர்களின் முறையீட்டையும் தன் புனைவுலகின் இரு தூண்களாக நிறுத்திய எழுத்தாளர் இந்த வீட்டில் வளர்ந்தவர் என்பதை வாசகர் மனத்தில் கொள்வது பொருத்தமானதே.

டிராகன்களின் தரப்பை மனித அவையில் எடுத்துரைக்க வருவது ஐரியன். அரண்மனை மேல்தளத்தில் டிராகனாக இறங்கி, காவலர்கள் பதறி நிற்கப் பெண்ணுருக்கொண்டு உள்ளே நடந்து வரும் அவளுடைய சொற்களில் இறைஞ்சுதல் இல்லை. பிரிவினையின் விதிகளையும் மீறப்பட்ட இடத்தையும் அவள் வரிசையாகச் சொல்கிறாள். அவளை எதிர்கொள்ளும் அரசன் லெபான்னென் வாளை உருவாமல் கேட்டுக்கொள்கிறான். இந்நாவலில் அரசன் செய்யும் மிகப்பெரிய செயல் இப்படிக் கேட்பதுதான். கார்காட் இளவரசி செசெராக், நாகரிகமற்றவள் என்று முதலில் ஒதுக்கப்பட்டவள், தன் ஊர்க் கதைகளிலிருந்து சொல்லும் செய்தியே வழக்கின் விடுபட்ட ஆவணமாகிறது. இந்தப் பகுதி நெடுக உரையாடல்களால் ஆனது. கப்பலிலும் அரண்மனையிலும் ரோக் தீவின் சோலையிலும் மாந்தர்கள் கூடிக்கூடிப் பேசுகின்றனர். போர்களை எதிர்பார்த்து வந்த வாசகருக்கு இது தளர்வாகத் தோன்றலாம். செசெராக்கை அரசனுக்கு மணம் பேசும் கிளைக்கதை வழக்கமான பாதையில் செல்வதும் உண்மை. எனினும் நெடுநாள் வழக்கொன்று தீர வேண்டுமாயின் பல வாய்களில் சிதறிக் கிடக்கும் சாட்சியம் ஓரிடத்தில் சேர வேண்டும் என்பதால், இந்தப் பேச்சே கதையின் உண்மையான செயல் ஆகிறது.

தீர்ப்பு நிறைவேறும் காட்சியில் பேச்சு இல்லை. கனவு தன்னைச் சுவரிடம் இழுப்பதிலிருந்து விடுதலை பெற ஆல்டர் தன் ஒரே செல்வமான ஒட்டுங்கலையை முன்பே விலையாகக் கொடுத்துவிட்டிருக்கிறான். வாழ்நாளெல்லாம் உடைந்தவற்றைச் சேர்த்த அந்தக் கைகள், கலை நீங்கி வெறுங்கைகளானபின், எல்லாவற்றையும் பிரித்து வைத்திருந்த சுவரின் கற்களைப் பெயர்க்கின்றன. தெஹானுவும் அரசனும் மற்றவர்களும் அவனோடு சேர்ந்து கற்களைத் தள்ளுகின்றனர். மறுபக்கத்திலிருந்து இறந்தோரின் நிழற்கைகள் வலுவின்றித் தள்ளுகின்றன. மேலிருந்து டிராகன்களின் நெருப்பு பாய்கிறது. சுவர் சரிந்ததும் இறந்தவர்கள் ஒளியில் கலந்து இல்லாமற் போகின்றனர். வீரன் டிராகனைக் கொன்று நிலத்தை மீட்ட பழைய காட்சிக்குப் பதிலாக, மனிதனும் டிராகனும் இறந்தோரும் ஒரே சுவரை மூன்று பக்கங்களிலிருந்து இடிக்கும் காட்சியை மேலை மிகுபுனைவுக்கு வழங்கியதே இந்நாவலின் தனிப்பெரும் சாதனை. ஆல்டர் அந்த இடிபாட்டிலிருந்து திரும்பி வருவதில்லை, லில்லியோடு போய்விடுகிறான்.

நிலம் திரும்பக் கிடைத்தபின் டிராகன்கள் மனித உலகில் தங்குவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. வழக்கு முடிந்தது, இனிச் சேர்ந்து வாழலாம் என்ற எளிய முடிவை லெ குவின் தரவில்லை. கலெஸ்ஸினும் ஐரியனும் வேறொரு காற்றில் ஏறிப் போகின்றனர். எரிந்த தோலை உதறிப் பொன்னிறச் சிறகு விரித்த தெஹானுவும் அவர்களோடு போகிறாள். ஆதிமொழியை மனிதர்கள் இனி என்ன செய்ய வேண்டும், ரோக்கின் கல்விக்கூடம் எதைக் கற்பிக்கும் என்பவற்றுக்கு நாவல் விடை சொல்லாமல் விடுகிறது. உடன்பாட்டின்படி முழுமையாக நடந்தால் மனிதர் இழக்க வேண்டியது அந்த மொழியையே என்பதால், எர்த்ஸீயின் பெருமை அனைத்தும் எதன்மீது கட்டப்பட்டதோ அதுவே இங்குக் கேள்விக்குள்ளாகிறது.

அந்தப் பெரிய கேள்வியைத் தொடராமல் நாவலின் கடைசிப் பக்கங்கள் கான்ட் தீவின் சிறு வீட்டுக்குத் திரும்புகின்றன. பல வாரங்கள் தனியே ஆடுகளையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்த கெட்டிடம், நடந்ததையெல்லாம் டெனார் சொல்கிறாள். கருகிய குழந்தையாகத் தூக்கி வளர்த்த மகள், தனக்குரிய பங்கைப் பெற்றுக்கொண்டு, இனித் திரும்பாத இடத்துக்குப் பறந்துவிட்டாள் என்பதையும் அவளே சொல்ல வேண்டியிருக்கிறது.